பெட்டியம்மா

குரல் கொடுக்க வேண்டிய அன்றைக்குப் பரிமளா கல் உடைக்கும் கிரஷரிலிருந்து நேராக வந்தாள். குளிக்க நேரமில்லை. தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துப் பள்ளிக்கூட வாசலில் நின்று உதறினாள். வெள்ளைத் தூசி கிளம்பிச் சமையல் கூடம் வரைக்கும் போனது. இமை, காது மடல், கழுத்து மடிப்பு எல்லாம் ஒரே நிறம். சிரித்தபோது மட்டும் வாய் சிவப்பாகத் தெரிந்தது.

"இங்க உக்காருங்கக்கா," என்று பெண்கள் வரிசையின் இரைச்சலுக்கு மேல் கத்திச் சொன்னான் இம்மானுவேல். வட்டாரக் கல்வி அலுவலகத்திலிருந்து கருவிகளைப் பொருத்த வந்தவன். மேசையில் சாப்பாட்டு டப்பா அளவுக்கு ஒரு கறுப்புப் பெட்டியும் அதற்கு முன்னால் ஒரு மைக்கும் இருந்தன. "இந்தத் தாள்ல இருக்கறதைப் படிச்சாப் போதும். படிக்கத் தெரியுமா?"

"தெரியாதுங்க!"

இம்மானுவேல் காதிலிருந்த ஹெட்போனைப் பிடுங்கி எடுத்தான்.

"மெதுவாப் பேசுங்கக்கா. மைக்கு பக்கத்துலதான் இருக்கு."

"மெதுவாத்தானுங்க பேசறேன்!"

வரிசையில் நின்ற பெண்கள் சிரித்தார்கள். "தம்பி, இவ குசுகுசுன்னு பேசுனாலே மொடக்குல திரும்பற லாரி நின்னு போயிரும்," என்றாள் செல்லாத்தா. அவளும் அதே சத்தத்தில்தான் சொன்னாள்.

கரட்டுமேட்டுக் காலனியில் எல்லோரும் அப்படித்தான் பேசுவார்கள். காலனியைச் சுற்றி நாலு பக்கமும் கிரஷர். மலையில் உடைத்த கல்லை டிப்பர் லாரி கொண்டுவந்து கொட்டும். இரும்புத் தாடை அதை மென்று ஜல்லியாகவும் மணலாகவும் துப்பும். ஜல்லியை ஏற்றிச் செல்லும் பெல்ட்டுக்குக் கீழே விழுந்ததைக் கூட்டி அள்ளுவது பெண்களின் வேலை. பக்கத்தில் நிற்பவளிடம் தண்ணீர் கேட்பதற்குக்கூட அடிவயிற்றிலிருந்து குரல் எடுக்க வேண்டும். வேலை முடிந்து வீட்டுக்கு வந்த பிறகும் அந்தக் குரல் இறங்காது.

"எங்க கொரலு எதுக்குங்க? பாடம் நடத்தத்தான் டீச்சர் இருக்காங்களே?" என்று கேட்டாள் பரிமளா.

"பாடத்தை மெஷின் சொல்லும். ஒவ்வொரு புள்ளைக்கும் அதோட அம்மா குரல்ல சொல்லும். யார் குரல்ல சொன்னா புள்ளைங்க மனசுல நிக்குதுன்னு ஆராய்ச்சி பண்ணிப் பாத்திருக்காங்கக்கா. அம்மா குரல்தான்."

"அப்ப நானும் வாத்தியாரு!"

"ஏந்தம்பி, என் கொரலுல திட்டறதுக்கும் அது சொல்லிக் குடுக்குமா?" என்றாள் செல்லாத்தா. "என் மக இன்னும் சரியாத் திட்டப் பழகல."

தமயந்தி டீச்சர் சிரித்துக்கொண்டே வந்து பரிமளாவின் தோளில் கை வைத்தாள். "வீட்டுல சஷ்மிதாகிட்ட எப்படிப் பேசுவீங்களோ அப்படியே பேசுங்க. போதும்."

பரிமளா மைக்கைப் பார்த்தாள். தொண்டையைச் செருமினாள்.

"ஏ சஷ்மி! சோறு தின்னியாடி! குண்டாவ மூடாமப் போயிட்ட, நாயி வாய வெச்சிருச்சு பாரு! பொழுதோட எங்கடி சுத்தற!"

ஜன்னல் கம்பியில் இருந்த காக்கை பறந்தது. இம்மானுவேல் கையைக் காட்டி நிறுத்தினான். "போதும்க்கா, போதும். கரகரப்பு, சத்தம் எல்லாத்தையும் இது வடிகட்டிரும். உள்ள இருக்கற குரலை மட்டும் எடுத்துக்கும்."

"உள்ள ஒண்ணு இருக்குதுங்களா?" என்றாள் பரிமளா.

சஷ்மிதா மூன்றாம் வகுப்பு. அதுவரை வகுப்பில் வாயைத் திறந்ததில்லை. காலனிக்குள் மற்றப் பிள்ளைகளோடு கத்திக் குதித்து விளையாடுவாள். புத்தகத்தை விரித்தால் உதடு ஒட்டிக்கொள்ளும். ஐந்து வகுப்புக்கும் தமயந்தி ஒரே ஆள். ஒரு பக்கம் கணக்குப் போட்டுக் கொடுத்துவிட்டு மறுபக்கம் திரும்புவதற்குள் முதல் பக்கத்தில் யாராவது யாரையாவது கடித்திருப்பார்கள். ஊமையாக உட்கார்ந்திருக்கும் பிள்ளை அவளுக்குத் தொல்லை தராத பிள்ளை. அப்படித்தான் சஷ்மிதாவுக்கு இரண்டு வருடம் ஓடியிருந்தது.

முதல் நாள் ஹெட்போனை மாட்டியதும் சஷ்மிதா திடுக்கிட்டுப் பின்னால் திரும்பிப் பார்த்தாள். வாசலைப் பார்த்தாள். அம்மா எங்கும் இல்லை. ஆனால் அம்மா காதுக்குள் பேசிக்கொண்டிருந்தாள்.

"கண்ணு, இங்க பாரு. இது என்ன எழுத்து? அவசரம் இல்ல சாமி. யோசிச்சுச் சொல்லு. தப்பா இருந்தாலும் பரவால்ல."

அம்மாவின் குரல்தான். காலனியின் வழக்குதான். ஆனால் தூசி இல்லாத குரல். சஷ்மிதா இரண்டு கைகளாலும் ஹெட்போனை அழுத்திப் பிடித்துக்கொண்டு, மைக்குக்கு மட்டும் கேட்கும்படி ஒரு எழுத்தைச் சொன்னாள்.

"ஆமா, என் தங்கம். சரியாச் சொல்லிட்ட."

அந்தப் பெட்டியைக் குறை சொன்னால் தமயந்தியின் நாக்கு அழுகிப்போகும். எந்தப் பிள்ளை எந்த எழுத்தில் தடுக்கி நிற்கிறது என்று அவள் கையிலிருந்த தொடுதிரைப் பலகையில் வந்துவிடும். அந்தப் பிள்ளையிடம் மட்டும் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்து எழுத வைக்க அவளுக்கு நேரம் கிடைத்தது. வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அவளுக்குக் கிடைக்காதது அந்த நேரம்தான். பிள்ளைகள் அதற்குப் பெட்டியம்மா என்று பெயர் வைத்தார்கள். அம்மா இல்லாத லித்தினுக்கு அவனுடைய அத்தை குரல் கொடுத்திருந்தாள். அவனும் பெட்டியம்மா என்றுதான் சொன்னான்.

பொங்கல் விடுமுறைக்குள் சஷ்மிதா கதைப் புத்தகம் வாசித்தாள். வகுப்பே மாறிவிட்டது. பெட்டியம்மாக்கள் பேசுவதைப்போலப் பிள்ளைகளும் மெதுவாகப் பேசினார்கள். ஒருவர் முடித்த பிறகு அடுத்தவர் பேசினார்கள். பார்க்க வந்த அதிகாரி, "கிரஷர் காலனிப் பள்ளிக்கூடம்னு சொன்னா யாரும் நம்ப மாட்டாங்க மேடம். ஆஸ்பத்திரி மாதிரி அமைதியா இருக்கு," என்றார். தமயந்திக்குப் பெருமையாக இருந்தது.

ஒன்றுதான் உறுத்தியது. மணி அடித்த பிறகும் சஷ்மிதா எழுந்திருக்க மாட்டாள். தமயந்தி போய் ஹெட்போனைக் கழற்ற வேண்டும்.

"இன்னும் சித்த நேரம் டீச்சர். அம்மாகிட்டப் பேசிட்டிருக்கேன்."

"அம்மா வீட்டுக்கு வந்திருப்பாங்க. அங்க போய்ப் பேசு."

சஷ்மிதா பையை எடுத்துக்கொண்டு போவாள். காலனிப் பக்கம் போகும்போது அவள் நடை எப்போதும் மெதுவாகத்தான் இருக்கும்.

மாசி மாதத்தில் ஒருநாள் கிரஷரில் பெல்ட் அறுந்து வேலை நின்றது. முற்பகலிலேயே பரிமளா பள்ளிக்கூடத்துக்கு வந்துவிட்டாள். வாசலில் நின்றபடியே கத்தினாள்.

"டீச்சர்! என் கொரலை அழிச்சிருங்க!"

பிள்ளைகள் எல்லாம் திரும்பிப் பார்த்தன. சில பிள்ளைகள் காதைப் பொத்திக்கொண்டன. சஷ்மிதா தலையைக் குனிந்துகொண்டாள். தமயந்தி பரிமளாவைக் கையைப் பிடித்துத் தன் அறைக்குக் கூட்டிப் போனாள். அறை என்றால் வகுப்பை ஒட்டிய ஒரு தடுப்பு. நாற்காலியைக் காட்டினாள். பரிமளா உட்காரவில்லை.

"என்ன ஆச்சு பரிமளா?" காலனிப் பெண்களிடம் எப்போதும் பேசுவதுபோல உரக்கக் கேட்டாள் தமயந்தி.

"என்னன்னு சொல்ல? என் புள்ள எங்கூடப் பேசறதில்லீங்க! சோறு தின்னியாடின்னு கேட்டா வாய இப்பிடி இப்பிடி அசைக்கறா, சத்தம் வரல! என்னய ஏளனம் பண்றா! நானும் எத்தனை நாளைக்குத்தான் பொறுக்கறது, முந்தாநேத்து அடிச்சுப்போட்டேன்! அதுக்கு என்ன சொன்னாளாம் தெரியுங்களா? செல்லாத்தாதான் வந்து சொன்னா, அவ மக கேட்டிருக்கா. 'நீ எங்கம்மா இல்ல, பெட்டிக்குள்ள இருக்கறதுதான் எங்கம்மா, அது அடிக்காது'ன்னாளாம்!"

அவள் மேசையில் ஓங்கித் தட்டினாள்.

"என் தொண்டைய எடுத்து, கழுவித் தொடச்சு, பவுடர் போட்டு என் புள்ளைகிட்டக் குடுத்துட்டீங்க. இனி இந்தத் தொண்டை அவளுக்கு எதுக்கு? அழிச்சிருங்க. படிக்காட்டியும் போவுது. எனக்கு எம்புள்ள வேணும்."

தமயந்தி இம்மானுவேலைப் போனில் கூப்பிட்டாள். விஷயத்தைச் சொன்னாள்.

"அழிக்கலாம் டீச்சர். அவங்க குரல், அவங்க சொன்னா அழிச்சுத்தான் ஆகணும். ஆனா ஒண்ணு சொல்லிடறேன். வேற ஒரு ஊர்ல இதே மாதிரி அழிச்சோம். அந்தப் பையன் எழவு வீட்டுல அழற மாதிரி அழுதான். அதுக்கப்புறம் ஹெட்போனைத் தொடல. புத்தகத்தையும் தொடல. வேற எந்தக் குரலைப் போட்டாலும் எந்திரிச்சுப் போயிடறான்."

"அவங்க அம்மாகிட்டயாவது சேந்தானா?"

"அது எங்களுக்குத் தெரியாது டீச்சர். அதை நாங்க பாக்கறதில்ல."

தமயந்தி போனை வைத்தாள். பரிமளா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள். என்ன முடிவு எடுத்தாலும் ஏதோ ஒன்று உடையப்போகிறது. கொஞ்சம் நேரம் கடத்துவதற்காகத்தான் தமயந்தி அதைச் சொன்னாள்.

"அழிக்கறதுக்கு முந்தி ஒரு தடவை கேட்டுப் பாருங்க பரிமளா. உங்க குரல்ல அது என்னதான் பேசுதுன்னு."

சஷ்மிதாவை அவளுடைய ஹெட்போனோடு வரச் சொன்னாள். சஷ்மிதா வந்து சுவரோடு ஒட்டி நின்றாள். பரிமளா ஹெட்போனை மாட்டிக்கொண்டு விறைப்பாக நின்றாள். தமயந்தி பாடத்தை ஓடவிட்டாள்.

"போடலீங்களா?" என்றாள் பரிமளா.

"போட்டாச்சு."

"ஏனுங்க? என்ன சொன்னீங்க?"

தமயந்தி சத்தத்தைக் கூட்டினாள். இன்னும் கூட்டினாள். 'கண்ணு, இந்தப் படத்துல என்ன தெரியுது' என்று அது கேட்பது ஹெட்போனுக்கு வெளியே கசிந்து தமயந்திக்கே கேட்டது. பரிமளா நெற்றியைச் சுருக்கினாள்.

"என்னமோ ஈ பறக்கற மாதிரி இருக்குதுங்க. பெட்டி ரிப்பேருங்களா?"

தமயந்தி அவள் காதிலிருந்து ஹெட்போனை எடுத்தாள். பிறகு மெல்ல நகர்ந்து அவளுக்குப் பின்னால் போய் நின்றாள். சாதாரணக் குரலில், "பரிமளா," என்றாள்.

பரிமளா ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பரிமளா. இங்க பாருங்க."

அவள் அசையவில்லை. சுவரோரம் நின்ற சஷ்மிதாதான் பேசினாள்.

"அவ அப்பிடித்தான் டீச்சர். திரும்பவே மாட்டா. தின்னியான்னு கத்துவா. தின்னேம்மான்னு சொல்லுவேன். மறுக்காவும் கத்துவா. பள்ளிக்கூடத்துல என்ன நடந்துச்சுன்னு பின்னாலயே போய்ச் சொல்லுவேன். பேசாமப் பாத்திரம் கழுவிட்டே இருப்பா. பெட்டியம்மா அப்பிடி இல்ல. நான் என்ன சொன்னாலும் 'அப்பறம் என்னாச்சு கண்ணு'ன்னு கேக்கும்."

தமயந்தி நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

எல்லோரும் கத்துகிற ஊரில் யாருக்குக் காது போனது என்று யாருக்குத் தெரியும்? பிள்ளைகளும் கத்திக்கொண்டிருந்தவரைக்கும் அம்மாக்களுக்குக் கேட்டது. பெட்டி வந்து பிள்ளைகளுக்கு மெதுவாகப் பேசப் பழக்கியது. தமயந்தி அதற்குப் பரிசாக அவர்கள் நோட்டில் நட்சத்திரம் ஒட்டினாள். அன்றிலிருந்து சஷ்மிதா வீட்டில் பேசியது ஒன்றுகூடப் பரிமளாவுக்குப் போய்ச் சேரவில்லை.

தமயந்தி எழுந்து பரிமளாவின் முகத்துக்கு நேராக வந்து உரக்கச் சொன்னாள். "பரிமளா! உங்களுக்குக் காது மந்தமா இருக்கு!"

"எனக்கா! நல்லாக் கேக்குதுங்களே! கிரஷர்ல எல்லாரும் பேசறது கேக்குதே!"

"அங்க எல்லாரும் கத்தறாங்க!"

பரிமளா நிமிர்ந்தாள். மகளைப் பார்த்தாள். "அப்ப இவ வாய அசைச்சது..."

"பேசியிருக்கா! உங்ககூடத்தான் பேசியிருக்கா! பின்னாலயே வந்து வந்து கதை சொல்லியிருக்கா! ஏளனம் பண்ணல!"

தமயந்திக்கு ஒரு சந்தேகம் வந்தது. மேசையில் இருந்த பெட்டியின் பக்கம் திரும்பினாள். ஆசிரியர் கேட்டால் அது அம்மாக்களின் குரலில் பேசாது. வானிலை வாசிப்பவரைப் போன்ற தன் சொந்தக் குரலில் பேசும்.

"பரிமளாவுக்குக் காது கேக்கலன்னு உனக்குத் தெரியுமா?"

"பெற்றோரின் உடல்நிலையைப் பகிர எனக்கு அனுமதி இல்லை."

"அவங்களே இங்கதான் நிக்கறாங்க." தமயந்தி பரிமளாவிடம் கத்திக் கேட்டாள். "உங்களைப் பத்திச் சொல்லலாமான்னு கேக்குது! சொல்லட்டுமா?"

"சொல்லச் சொல்லுங்க! நான் என்ன களவா பண்ணிட்டேன்?"

"தெரியும்," என்றது பெட்டி. "குரல் பதிவு செய்த அன்றே தெரிந்தது. தன் குரல் தனக்குச் சரியாகக் கேட்காதவர்கள் பேசும் விதத்தில் அடையாளம் இருக்கும்."

"ஏன் எங்கிட்டச் சொல்லல?"

"நீங்கள் மாணவர்களைப் பற்றி மட்டுமே கேட்டீர்கள். மாணவியின் கற்றலில் பின்னடைவு எதுவும் இல்லை."

"இந்தக் காலனியில இன்னும் எத்தனை பேருக்கு இப்படி?"

"அதைச் சொல்ல அனுமதி இல்லை."

தமயந்தி மேலே கேட்கவில்லை. அன்றைக்கு வரிசையில் நின்ற பெண்கள் ஒவ்வொருவராக அவள் கண்முன் வந்தார்கள். எல்லோரும் கத்தித்தான் பேசினார்கள். எல்லோருக்கும் மாத்திரை கொடுக்க, ஊசி போட வருகிற நர்சம்மாகூட அந்தக் காலனிக்கு வந்தால் கத்தித்தான் பேசுவாள். நாளைக்கே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய் டாக்டரைப் பார்க்க வேண்டும். கிரஷர் சத்தம்தான் காரணம் என்று சொன்னால் கிரஷர்காரர்கள் சும்மா விடமாட்டார்கள். அது நாளைக்கு.

பரிமளா முந்தானை நுனியை முறுக்கிக்கொண்டே யோசித்தாள். பிறகு கேட்டாள். "டீச்சர், அந்தப் பெட்டி நான் சொல்றதையும் சொல்லுமுங்களா?"

"சொல்லும்!"

"மெதுவா?"

"மெதுவாத்தான் சொல்லும்!"

"அப்ப அழிக்க வேண்டாங்க. அவகிட்ட ஒண்ணு சொல்லோணும். என் வாயால சொன்னா அதும் திட்டற மாதிரிதான் இருக்கும். அது சொல்லட்டும். புள்ளைய அக்கட்ட தாட்டி விடுங்க."

தமயந்தி சஷ்மிதாவை வகுப்புக்கு அனுப்பிவிட்டு மைக்கை இழுத்து வைத்தாள். பரிமளா அதன் முன்னால் குனிந்தாள். முதலில் கை கூப்பினாள். பிறகு பேசினாள்.

"சஷ்மி! அம்மா பேசறேன்! நான் உன்னயத் திட்டறதில்லடி, கழுதை, என் சாமி! எனக்குக் காது போச்சாமா! டீச்சர் இப்பத்தான் சொன்னாங்க! நீ பேசாம இருக்கறன்னு நெனச்சு அடிச்சுப்போட்டேன்! கை வெளங்காமப் போயிருமாட்டிருக்குதுடி எனக்கு! இனிமே நீ பேசி நான் திரும்பலீன்னா சீலையப் புடிச்சு இழு! முதுகுல ரெண்டு போடு!"

மூச்சு வாங்கினாள். குரல் உடைந்தது. உடைந்தும் சத்தம் குறையவில்லை.

"எத்தனை கதை சொன்னியோ! பொறத்தாலயே வந்து வந்து சொன்னியாமே! எல்லாம் போச்சே! ஒண்ணுகூட நான் கேக்கலையே!"

தடுப்புக்கு அந்தப் பக்கம் வகுப்பில் ஒரு பென்சில் உருளும் சத்தம்கூட இல்லை. சமையல்கார அம்மா கரண்டியோடு வந்து கதவோரம் நின்றாள்.

தூரத்தில் கிரஷர் மறுபடி உறுமத் தொடங்கியது. பெல்ட்டை மாட்டிவிட்டார்கள். அந்தச் சத்தம் மட்டும் பரிமளாவுக்கு உடனே தெரிந்தது. முகத்தைத் துடைத்தாள், துண்டைத் தலையில் இறுக்கினாள். "அவ கேட்டாளான்னு நாளைக்குச் சொல்லுங்க டீச்சர்," என்று சொல்லிவிட்டு வெளியேறினாள்.

பரிமளா பேசியதைப் பெட்டியில் மெதுவான குரலுக்கு மாற்றிவிட்டுத் தமயந்தி சஷ்மிதாவிடம் போனாள். அவள் காதில் ஹெட்போனை மாட்டினாள். சஷ்மிதா கண்ணை மூடிக் கேட்டாள். முடிந்ததும் மறுபடி போடச் சொன்னாள். இரண்டாவது முறை பாதியிலேயே கழற்றிவிட்டாள்.

"டீச்சர், இது வேற."

"அம்மா சொன்னதுதான் கண்ணு. ஒரு வார்த்தை மாத்தல."

"கழுதைன்னு சொன்னா. அது இல்ல."

"அதைத் திட்டுன்னு நெனச்சு எடுத்திருக்கும்."

"அம்மா நடுவுல அழுதா," என்றாள் சஷ்மிதா. "தடுப்புக்கு இந்தப் பக்கம் எனக்குக் கேட்டுச்சு. இது அழல."

தமயந்தி தடுப்புப் பக்கம் திரும்பினாள். பெட்டியைப் பார்த்தாள். அதன் பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அடுத்த பாடத்துக்குத் தயாராக இருந்தது.

சஷ்மிதா ஹெட்போனைப் பெஞ்சின் மேல் வைத்துவிட்டு எழுந்தாள். அனுமதி கேட்கவில்லை. ஓடினாள். தமயந்தி வாசலுக்கு வந்தபோது அவள் மண்பாதையில் பாதி தூரம் போயிருந்தாள். பரிமளா முன்னால் வேகமாக நடந்துகொண்டிருந்தாள். சஷ்மிதா பின்னால் போய், இரண்டு கையாலும் சேலையைப் பிடித்து, பலம் கொண்டமட்டும் இழுத்தாள். பரிமளா தடுமாறித் திரும்பினாள்.

சஷ்மிதா வாயைப் பெரிதாகத் திறந்தாள்.

"அம்மா! பள்ளிக்கூடம் தொறந்த அன்னிக்கு லித்தின் என் ரப்பரத் தின்னுட்டான்!"

பரிமளா குனிந்து காதைக் காட்டினாள். "என்னத்த?"

"ரப்பரு! ரப்பரத் தின்னுட்டான்! டீச்சரு வாய்க்குள்ள வெரல உட்டு எடுத்தாங்க! அப்பறம் அடுத்த நாளு என்னாச்சுன்னா...!"

கிரஷர் உறுமிக்கொண்டிருந்தது. பரிமளா வேலைக்குப் போகாமல் பாதை ஓரத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள். சஷ்மிதா ஒவ்வொரு நாளாகச் சொல்லிக்கொண்டே போனாள். வாசலில் நின்ற தமயந்திக்கு எல்லாம் தெளிவாகக் கேட்டது.